துடைக்காத கண்ணாடி

உயிரியல் பூங்காவின் பாம்பு வீட்டில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பாளராக இருப்பவனுக்கு அங்கே 'கண்ணாடி மாப்பிள்ளை' என்று பெயர். சட்டை கசங்காது, அவன் துடைத்த கண்ணாடியில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. கண்ணாடி இருப்பதே தெரியாமல் மூக்கை இடித்துக்கொண்டவர்கள் உண்டு.

மூலை அறையில் இரண்டு பச்சை மலைப்பாம்புகள். ஒரே பெட்டியில் வந்ததால் அக்கா தங்கை என்று வைத்துக்கொண்டான். கிளையில் சுருண்டு கிடப்பதே அவற்றின் தொழில். காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புவான். இலைகளிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் ஈரம் பூத்திருந்தால், கறை படியுமே என்று ஒத்தி எடுத்துவிடுவான். வெப்ப விளக்கு மிச்சத்தை உலர்த்திவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெரியவள் கிளையிலிருந்து தரையில் விழுந்து கிடந்தாள். உயிர் இல்லை.

மருத்துவர் அவனைவிடப் பதினைந்து வயது இளையவர். அறுத்துப் பார்க்கும்போது அவனும் பக்கத்தில் நின்றான். மெல்லிய ஜவ்வுக்குள் சிவப்பாகத் தெரிய வேண்டிய இதயம், சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. கல்லீரலின் மேல் வெள்ளைப் பொடி. நீண்ட சிறுநீரகங்கள் வீங்கி, உள்ளெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அவன் கை தன்னை அறியாமல் இடுப்பில் செருகியிருந்த துடைக்கும் துணிக்குப் போனது.

"தொடச்சா போயிடுமா, டாக்டரம்மா?"

"வெளியேருந்து ஒட்டினது இல்லண்ணே. மனுஷங்களுக்குக் கால் பெருவிரல்ல வந்து உயிர வாங்குமே, அந்த யூரிக் உப்புதான். இதுங்களுக்கு உள்ளுறுப்பு மேலேயே படிஞ்சிடும்."

பாம்பு தன் சிறுநீர்க் கழிவை வெள்ளைக் கட்டியாகத் தள்ளும். அதைக் கழுவித் தள்ள உடம்பில் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு ரத்தத்திலேயே தங்கி, கண்ட இடத்தில் படியும். இப்படிப் பொறுமையாகச் சொன்னவர், எப்படித் தண்ணீர் குடித்தது என்று கேட்டார். தொட்டி எப்போதும் நிரம்பித்தான் இருக்கும் என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சுருக்கென்றது. நிரம்பியே இருந்தது என்றால் குடித்தது யார்?

இலையில் தொங்கும் சொட்டையும், தன் உடம்புச் சுருளில் தேங்கும் ஈரத்தையும் குடித்துப் பழகிய சாதி அது. அந்த ஈரத்தைத்தான் அவன் நாள் தவறாமல் துடைத்தான்.

"சுத்தம் சோறு போடும்னாங்க. தண்ணிய எடுத்துடும்னு ஒருத்தரும் சொல்லலியே," என்றான். மருத்துவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சின்னவளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் உப்பு ஏறியிருந்தது. படிந்ததைக் கரைக்க மருந்து இல்லை. இனிப் படியாமல் பார்க்கலாம், பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார். தோலுக்கடியில் ஊசியால் நீர் ஏற்றினார். இரை தின்றால் உப்பு கூடும், அதனால் கொஞ்ச நாள் எலி கிடையாது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்.

அந்தத் துணியை அவன் அலமாரியில் வைத்துப் பூட்டினான். சொட்டுகள் காய்ந்து கண்ணாடி முழுக்கப் புள்ளியானது. மாப்பிள்ளைக்குக் கைராசி போய்விட்டது என்று கூடவேலை செய்பவர்கள் கேலி பேசினார்கள். மேலாளர் இரண்டு முறை கேட்டார். அவன் காரணத்தைச் சொன்னான், துணியை எடுக்கவில்லை.

பதினோராம் நாள் காலை தெளித்துவிட்டு நின்றான். சின்னவள் தலையைச் சாய்த்து, தன் சுருளில் தேங்கிய நீரில் வாயை வைத்தாள். தாடை மெல்ல அசைந்தது. அவன் எண்ணினான்: நாற்பத்திரண்டு மிடறு. அடுத்த வாரத்தில் வெள்ளைக் கட்டி கல்லாக இல்லாமல் குழைவாக விழுந்தது. இரண்டாம் மாதப் பரிசோதனையில் உப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

மருத்துவர் அறிக்கையில் 'நீர்ச்சத்துக் குறைவு' என்று மட்டும் எழுதி, அவன் மானத்தைக் காப்பாற்றியிருந்தார். அவன்தான் போய்க் கேட்டு ஒரு வரி சேர்க்க வைத்தான்: 'பராமரிப்பாளர் தினமும் ஈரத்தைத் துடைத்துவிட்டார்.' வேறு ஊரில் இன்னொரு மாப்பிள்ளை இருப்பான், அவன் படிக்கட்டும் என்றான். தன்னைக் குறை சொல்லாமல் கற்றுக்கொடுத்தவருக்கும், செத்தும் தங்கையைக் காப்பாற்றியவளுக்கும் செய்ய அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது.

விடுமுறையில் பார்க்க வந்த அவன் அக்கா, புள்ளிக் கண்ணாடியைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்தாள். சின்ன வயதில் அவனுக்குத் துடைக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"வெளிய வேணா தொடச்சுக்கக்கா," என்றான். "உள்ள இருக்கறது அவ குடிக்கறதுக்கு."

அக்கா கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, புள்ளிகளுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்தாள். பச்சைச் சுருளின் மேல் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது.