மாலை என்று சொன்ன விருது

நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த வருடத்தில் நாங்கள் பிஜியை விட்டு ஆக்லாந்துக்கு வந்துவிட்டோம். அதுவரை தலைநகர் சுவாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் செய்திப் படங்களை வெட்டித் தொகுப்பது என் வேலை. ஆக்லாந்தில் அதே வேலை கிடைக்கவில்லை. ஒரு கல்லூரியில் படத்தொகுப்புப் பாடம் எடுத்தேன்.

சில வருடங்கள் கழித்து, பசிபிக் தீவுகளின் தொலைக்காட்சிச் செய்தியாளர்களுக்கான விருதில் நடுவராக இருக்கச் சொன்னார்கள். அரசியல் பிரிவுக்கு மூன்று பேர்: ஒரு சமோவாக்காரர், ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை, நான்.

வந்திருந்த படங்களில் ஒன்றைப் போட்டதும் குரலைக் கண்டுகொண்டேன். சுவாவுக்குப் பக்கத்து ஊரான நகாசியிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்த பெண். என்னைப் போலவே தமிழ்க் குடும்பம். அம்மா ஊரை விட்டு வர மறுத்ததால் அவளும் அங்கேயே தங்கிவிட்டாள்.

அதற்குள் பிஜியில் இன்னொரு முறை ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. படத்தில் அவள் எதிரே சீருடையோடு ஒரு அமைச்சர். தேர்தல் எப்போது என்று கேட்டாள். அவர் சாலைகளைப் பற்றிப் பேசினார். மறுபடி கேட்டாள். எதிரிகளைப் பற்றிப் பேசினார். ஆறு முறை அதே கேள்வி, அதே தணிந்த குரல். ஆறாவது முறை அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அவள் நன்றி சொன்னாள். அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தவள் என்று சொல்லி, மதிப்பெண் போடாமல் ஒதுங்கிக்கொண்டேன். மற்ற இருவரும் முதல் பரிசு அவளுக்கே என்றார்கள். ஆனால் அந்தப் படம் எங்களுக்கு வந்த பிறகுதான் அங்கே தணிக்கை ஆரம்பித்திருந்தது. செய்தி அறையில் ஒரு அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்தார்கள். இந்த நேரத்தில் அவள் பெயரை அறிவித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“நாம் பயந்துகொண்டு பெயரை மறைத்தால், அது அவர்கள் வேலையை நாமே செய்தது போல” என்றார் சமோவாக்காரர்.

“அவளையே கேட்டுவிடு” என்றார் பேராசிரியை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நகாசிக்குப் போன் போட்டேன். போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்ட காலம். நாங்கள் எப்போதும் பேசுவது பிஜி இந்தி. கேட்கிறவனுக்கும் அது தெரிந்திருக்கும். அதனால் தமிழுக்கு மாறினேன். இருவருக்குமே அது வீட்டுப் பெரியவர்களிடமும் கோயிலிலும் பொறுக்கிய தமிழ்தான்.

“தங்கச்சி, நம்ம பாஷையில பேசலாமா?”

“பேசுக்கா. எனக்குக் கொஞ்சம்தான் வரும். சிரிக்காத.”

“இங்க கோயில்ல உனக்கு மாலை போடணும்னு சொல்றாங்க.”

“எனக்கா? எதுக்கு?”

“ஒருத்தர்கிட்ட ஆறு வாட்டி ஒரே கேள்வி கேட்டியே, அதுக்கு.”

அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. புரிந்துகொண்டாள்.

“பேரு சொல்லிப் போட்டா உனக்குத் தொல்லை வருமோன்னு பயமா கீது. பேரு சொல்லாம போடலாம். இப்ப வேணாம்னாலும் சரி. நீ சொல்லு.”

“இரு, அம்மாவைக் கேட்டுட்டு வரேன்.” சமையலறைப் பக்கம் பேச்சுச் சத்தம். திரும்பி வந்தாள். “பேரு சொல்லியே போடுங்கக்கா. ஒளிச்சா நான் இன்னாமோ தப்பு பண்ண மாதிரி ஆயிடும். நாலு நாட்டுல தெரிஞ்சா எம்மேல கை வைக்க யோசிப்பானுங்க.”

“அம்மா இன்னா சொன்னாங்க?”

“மாலையை வாடறதுக்குள்ள அனுப்பச் சொல்லுதுக்கா. நிஜ மாலைன்னு நெனச்சுக்கிச்சு.”

சனிக்கிழமை பெயரை அறிவித்தோம். திங்கட்கிழமை காலை வகுப்பில் இருந்தபோது அவளுடைய அண்ணன் போன் செய்தார். ராணுவ முகாமுக்கு வரச் சொல்லி ஆள் வந்ததாம். போயிருக்கிறாளாம்.

மாணவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதுகாப்பான ஊரில் இருந்துகொண்டு இன்னொருத்தியின் உயிரோடு விளையாடிவிட்டேன் என்றுதான் தோன்றியது. அவளே சம்மதித்தாள் என்பது எந்த ஆறுதலும் தரவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, அது அடிக்க வேண்டும் என்றும் அடிக்கக் கூடாது என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டேன்.

மூன்று மணிக்குமேல் அடித்தது.

“அக்கா, வூட்டுக்கு வந்துட்டேன்.”

அவளே சொன்னாள். ஒரு பெஞ்சில் வெகுநேரம் காக்க வைத்தார்களாம். பிறகு ஒரு அதிகாரி, விருதுச் செய்தி அச்சடித்த தாளை மேசையில் போட்டு, இது எந்தெந்த நாட்டில் வந்தது என்று கேட்டாராம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சமோவா, டோங்கா என்று இவள் விரல் விட்டு எண்ணினாளாம். அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகலாம் என்றாராம்.

“அடி இல்ல, திட்டு இல்லக்கா. வாசல்ல நின்ன சிப்பாய் மெதுவா ‘வினாக்கா’ன்னு நன்றிகூடச் சொன்னான்.”

போனை வைத்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூடவே, காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத பசி. டிபன் பாக்ஸைத் திறந்து, ஆறிப்போன சோற்றையும் பருப்பையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.