கல்லை நக்கிப் பார்த்தவர்

நான் ஐந்தாவது பெயில். அப்படியிருந்தும் கடலூரில் கல்யாண மண்டபம் கட்டினேன், சிதம்பரத்தில் லாட்ஜ் கட்டினேன். சுனாமிக்குப் பிறகு ஒரு மீனவர் குப்பத்துக்குக் கடல் சுவர் எழுப்பியபோது, கல் முழுக்க என் லாரிகளில்தான் வந்தது.

அங்கே கல் சோதிக்க அரசாங்கத்திலிருந்து ஒருவர் வருவார். ஒல்லி உடம்பு, வெயிலில் வெளுத்த தொப்பி. ஓட்டை ஓட்டையாக, சிவப்பாக இருந்தால் செம்பாறாங்கல் என்று ஒதுக்குவார். ஆசிட் சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக்கல். உடைத்த பக்கம் பொடிப்பொடியாக மினுங்கினால்தான் கருங்கல். சந்தேகம் வந்தால் நாக்கை வைப்பார். நாக்கில் ஒட்டினால் களிமண் கலந்த கல்; லாரி திரும்ப வேண்டியதுதான்.

"இன்னா சார், இதான் காலை டிபனா?" என்றேன் ஒருநாள்.

"உப்பு கம்மி மொதலாளி," என்றார். சிரிக்கவில்லை.

"சுவரு நிக்குமா சார்?"

"கல்லு நிக்கும். அடியில மணலு நிக்காது. மேலிடத்துல சொன்னேன். நீ கல்லை மட்டும் பாருய்யான்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ கறாரு?"

அவர் அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே அலை மணலை அரித்தது. சுவர் அப்படியே கடலுக்குள் இறங்கியது. பின்னாலிருந்த வீடுகளும் போயின. வீண் என்று தெரிந்தும் அவர் ஏன் ஒரு மட்டமான கல்லைக்கூட உள்ளே விடவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சுவர் போச்சு என்றுதான் ஊர் பேசுகிறது. முழுகிப் பார்க்கட்டும், ஒரு கல்கூடக் கரைந்திருக்காது. அவர் பொறுக்கினார், நான் கொண்டுவந்தேன். அந்தக் கல் எங்களுடையது என்று யாராவது சொல்லியாக வேண்டும்; நான் சொல்கிறேன்.