இது எந்த நாடு என்று கேட்டேன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு நவம்பர் காலையில், ஏஜென்றின் ஆள் என்னை ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இறக்கிவிட்டான். "பின்னேரம் கொண்ணை வந்து கூட்டிக்கொண்டு போவார். வெளியிலை திரியாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கனடாவில் இருக்கும் அண்ணாவிடம் என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து அனுப்பினார்கள். வழியில் வந்த நாடுகளின் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைசி இரண்டு நாளும் ஜன்னல் இல்லாத வான் வண்டிக்குள், அவர்கள் தந்த மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கிக்கொண்டே வந்தேன்.

பேஸ்மென்ற் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. முழுக்கச் சீன எழுத்து. மேல்மாடியில் நடமாடியவர்கள் பேசியதும் சீனம். வழியில் என்னோடு ஒரே அறையில் தங்கிய பெண் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அவளுடைய மச்சானை லண்டன் என்று சொல்லி மொஸ்கோவில் விட்டுவிட்டுப் போனார்களாம். அதற்குமேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

வெளியே மூடுபனி. தெருவின் மறுகரை தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டு மறைந்த முகமெல்லாம் சீன முகம். கடைகளின் பெயர்ப் பலகைகளும் சீனத்தில். தெருப்பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. ஹொங்கொங்கிலும் அப்படித்தான் என்று எங்கோ வாசித்திருந்தேன். குளிர் காதைக் கடித்தது. எதிரே ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம் நின்றது. கிட்டப் போனதும் கதவு தானாகத் திறந்தது.

உள்ளே ஒருவருமில்லை. விளக்குகளெல்லாம் எரிந்தன. நகரும் படிகள் ஆளில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. எங்கிருந்தோ ஒரு பெண் சீனத்தில் மெல்லப் பாடினாள். இரு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள்போலக் கடைகள், வரிசை வரிசையாக, எல்லாம் வெறுமை. என் செருப்புச் சத்தம் பின்னால் இன்னொருவர் வருவதுபோலக் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது.

ஒரு மூலையில் திரும்பியபோது, சாமான் எதுவுமில்லாத கடைக்குள், கோட் போட்ட ஒரு சீன முதியவர் தனியே நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதவைத் திறந்தார். ஓடப் பார்த்து ஓர் அடி பின்னால் வைத்தேன். பிளாஸ்கின் மூடியில் சுடுதண்ணீர் ஊற்றி நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அவர் தரையைக் காட்டி ஏதோ கேட்டார். அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார், இன்னும் மெதுவாக, குழந்தைக்குக் கேட்பதுபோல.

"தங்கச்சி, தமிழோ?"

திரும்பிப் பார்த்தேன். செக்யூரிற்றி உடுப்போடு எங்கள் ஆள் ஒருவர்.

"ஓம் அண்ணை. இது எந்த நாடு?" என்று நானும் தரையைக் காட்டிக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "கனடா. ஸ்காபரோ. எப்ப வந்தனீங்கள்?"

"ஏன் அண்ணை இஞ்சை ஒருத்தரும் இல்லை?"

"கட்டி முடிக்க முதலே கடையெல்லாம் வித்துப்போச்சு. வாங்கின ஆக்கள் ஹொங்கொங்கிலை. நான் காலமை லைற்றைப் போட்டு, பின்னேரம் நிப்பாட்டுறன். அவ்வளவுதான் வேலை. இந்த ஐயாவை மகன் வேலைக்குப் போகேக்கை கொண்டுவந்து இருத்திப்போட்டுப் போறவர். என்ன கேக்கிறார் எண்டு எனக்கும் இன்னும் விளங்கேல்லை."

பாவாடைக் கரைக்குள் தைத்து வைத்திருந்த அண்ணாவின் நம்பரைப் பிரித்தெடுத்துக் கொடுத்தேன். தன் அறையிலிருந்து போன் எடுத்து, இடத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் தந்தார். ஆறு வருடமாகக் கேட்காத குரல், கரகரத்திருந்தது. "அங்கையே நில். வாறன்."

வந்தவருக்கு அண்ணாவின் மீசை இல்லை. உடம்பு பெருத்திருந்தது. கார்க் கதவைத் திறந்து பிடித்தார். நான் ஏறவில்லை.

"நான் சின்னனிலை கிணத்துக்குள்ளை என்ன போட்டனான்?"

"உனக்கென்ன விசரோ?"

"சொல்லுங்கோ."

"அப்பான்ரை கண்ணாடி. அடி வாங்கினது நான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மோர்னிங்சைட்டில் அவருடைய அப்பார்ட்மென்ற் வரும்வரை அவரின் கோட்டுக் கையைப் பிடித்தபடியே இருந்தேன். கியர் மாற்றக் கஷ்டப்பட்டார். ஆனாலும் கையை எடு என்று சொல்லவில்லை.