மெத்தையின் மறுமுனை

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மழையை முதலில் பார்ப்பவர் "மழ! மழ!" என்று கத்த வேண்டும். கேட்டவர்கள் மாடிக்கு ஓடி, காயும் துணிகளை அள்ளுவார்கள். மற்றபடி பீர்க்கன்கரணையில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே பத்து வருடம் ஓட்டிவிடலாம். நாங்கள் ஓட்டியிருக்கிறோம்.

எதிர்வீட்டுத் தயாளன் சார் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தனம் போன ஆவணியில் இறந்துவிட்டார். கடைசி எட்டு மாதம் அந்தம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடச் சொல்லி, புனேயிலிருந்து மகள் வினிதா போனில் நச்சரிப்பாள். "பொங்கலுக்கு வர்றப்போ அது இருக்கக் கூடாதுப்பா. ஒரே ஸ்மெல்லு." மனிதர் பிடிவாதக்காரர். வெயில் காட்டினால் வாடை போய்விடும், மகளும் அடங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். அதில் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள், தண்ணீர் கேன் போடும் சேட்டு மறுமுனையைப் பிடிக்க, மெத்தை வெளியே வந்து இரண்டு பெஞ்சுகளின் மேல் ஏறியது. சேட்டு போய்விட்டான். நல்ல வெயில். சார் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். பனிக்காலத்தில் மழையை யார் எதிர்பார்த்தார்கள்? மூன்று மணிக்கு வண்டலூர் பக்கம் கறுத்தது. பத்தே நிமிடத்தில் தூற ஆரம்பித்தது.

"மழ! மழ!"

சாரின் குரல்தான். தெருவே மாடிக்கு ஓடியது. நானும்தான். துணி மூட்டையோடு எட்டிப் பார்த்து, "தேங்க்ஸ் சார்!" என்று கத்தினேன். கேட் அருகே நின்றவர் கையைத் தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. விட்டதும் பார்த்தால், பாதி மெத்தை வாசற்படியில், பாதி சேற்றில். பக்கத்தில் சொட்டச் சொட்ட சார். இரட்டை மெத்தை ஒற்றை ஆளுக்கு அடங்குமா? இழுத்துப் பார்த்திருக்கிறார்.

ஓடிப் போய், "கூப்பிட்டிருக்கலாமே சார்?" என்றேன்.

"கூப்பிட்டேனேம்மா."

அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எங்களில் யார் பெயரும் தெரியாது. எங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது தனம்தான். தெருவை ஓடவைக்க அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'மழ'தான். கூசிப்போனேன்.

நனைந்த பஞ்சு கட்டி கட்டியாகிவிட்டது. மூன்று நாள் காய வைத்தும் வாடை இரண்டு மடங்கானதுதான் மிச்சம். போகியன்று காலை குப்பை வண்டி வந்தது. இரண்டு பணியாளர்கள் மெத்தையைத் தூக்கினார்கள்.

"இன்னா சார், இம்மாம் கனம் கீது!"

நான் பதறிக்கொண்டு ஓடிப் போய் ஒரு முனையைப் பிடித்தேன். சார் மெல்ல என் கையை விலக்கினார்.

"இப்ப வேணாம்மா. ரெண்டு பேர் இருக்காங்க."