போடறவன் ஆடக்கூடாது

மத்திகிரியில் என் பக்கத்து அறைக்காரர் பெங்களூர் பார் ஒன்றில் ஆடுகிறவர்களுக்குப் பாட்டுப் போடும் டிஜேயாக இருந்தவர். பார்களில் ஆடக்கூடாதென்று போலீஸ் தடை போட்டதும் வேலை போய்விட்டது. மொட்டைத் தலை, ஒரு காதில் மட்டும் கடுக்கன். மதியங்களில் ஒரே இசைத்தட்டைத்தான் போடுவார். பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்றை எண்பதுகளில் வேறொரு குழு மறுபடி பாடியிருந்தது. அதை ஆடுவதற்கென்றே பல விதமாக ரீமிக்ஸ் செய்த தட்டு அது. போட்டுவிட்டு எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருநாள், அவர் அறையில் உட்கார்ந்தபடி, “நீங்களே ஆடலாமே?” என்று கேட்டேன்.

“போடறவன் ஆடக்கூடாதுங்க. ஆடறவங்களப் பாத்துத்தான் அடுத்ததப் போடணும். இங்க யாரப் பாக்கறது?”

யூனிஃபார்மோடு எழுந்து, தெரிந்த மட்டும் கைகாலை ஆட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் கால்களைக் கொஞ்சநேரம் கவனித்துவிட்டு, தட்டைத் திருப்பிப் போட்டார்.

அடுத்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டுப் போனார். என் ஆட்டம் அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இல்லை இருந்த கொஞ்ச நிம்மதியையும் கெடுத்துவிட்டதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.