பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு பினாயில்

கொட்டச்சேடு மலையூரில் குப்பாயியைப் போலச் சுத்தம் பார்க்கிறவள் கிடையாது. கரடியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல், அவள் வாசல் பெருக்குகிற சத்தத்தில்தான் பக்கத்து வீடுகள் கண் விழித்தன. ஒரு சட்டியை மூன்று தரம் கழுவாமல் அடுப்பில் ஏற்ற மாட்டாள். அந்தச் சுத்தமே அவளை நம்பவைத்துக் கழுத்தறுத்தது.

அவள் புருஷன் சித்தனுக்கு எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குப் பூச்சிமருந்து பூசுகிற வேலை. காலி டின்களை நசுக்கிப் புதைத்துவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போனால் சீட்டுக் கிழியும். எலி நுழையாத மூடியும் தூக்கக் கைப்பிடியும் உள்ள டின்னைப் புதைக்க யாருக்கு மனசு வரும்? சித்தன் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். குப்பாயி அதைப் புளியும் சாம்பலும் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூன்று தரம் தேய்த்தாள். மேலே இருந்த மண்டையோட்டுப் படத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். படம் போனதும் விஷமும் போய்விட்டதாக முடிவு செய்து, கேழ்வரகு மாவைக் கொட்டி மூடினாள்.

அதிலிருந்து நாலு மாதமாக அவளுடைய ஐந்து வயது மகள் மல்லிகா தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். கை கால் நடுக்கம் வேறு. பக்கத்து வீட்டு மாதம்மாள் டின்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

“மூணு தரம் கழுவியிருக்கறனுங்கக்கா. நாங்களுந்தான் திங்கறோம், எங்களுக்கு என்ன வந்துருச்சு?” என்று குப்பாயி அவள் வாயை அடைத்தாள். பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சித்தனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளை என்ன சாப்பிட்டது என்று டாக்டர் கேட்பாரே என்ற பயமும் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் அது. மெட்ராஸிலிருந்து ராஜேந்திரன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வீட்டில் புழங்குகிற சோப்பு, பவுடர், கொசுவர்த்தி, பினாயில் இவற்றின் ரசாயனம் மனுஷர் உடம்பில் எவ்வளவு சேருகிறது என்று வீடுவீடாகக் கணக்கெடுக்கிற உத்தியோகம். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவருக்குக் காட்ட ஒன்றுமில்லை என்றால் ஊருக்கு அவமானம் அல்லவா? எஸ்டேட் ரைட்டர் வீட்டில் ஒரு பினாயில் பாட்டில் இருந்தது. மாதம்மாள் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அவர் ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் பின்பக்கமாக ஓடி அடுத்த வீட்டில் வைத்துவிடுவாள். பதினோரு வீட்டில் அதே பாட்டிலைப் பார்த்த ராஜேந்திரன், மலைமக்களுக்கு இத்தனை பினாயில் மோகமா என்று கவலையோடு குறித்துக்கொண்டார். எந்த வீட்டிலும் அதில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. அதை எழுத அவர் படிவத்தில் இடமும் இல்லை.

பன்னிரண்டாவது வீடு குப்பாயியுடையது. டின் கம்பளிக்கு அடியில் போனது, பினாயில் கதவோரம் வந்து நின்றது. உச்சிவேளையில் வந்த மனுஷரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். அதிகாரி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகே பேனாவைத் திறந்தார்.

“பினாயில் தினமும் ஊத்துவீங்களாம்மா?”

“தெனமுங்க சார்.”

“எத்தனை மூடி?”

“அஞ்சு மூடி ஊத்துவனுங்க,” என்றாள், குறைத்துச் சொன்னால் மரியாதையாக இருக்காதே என்று.

அப்போது மூலையில் படுத்திருந்த மல்லிகா குமட்டினாள். எத்தனை நாளாக என்று விசாரித்தார். நாலு மாசம் என்றதும் ராஜேந்திரனின் முகம் மலர்ந்தது. இத்தனை வீடு ஏறி இறங்கியதற்கு ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது.

“எல்லாம் பினாயில் நெடிதாம்மா. அதை நிறுத்துங்க, சரியாப் போயிடும்,” என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பாட்டில் இந்த வீட்டுக்குள் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு எது என்று குப்பாயிக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் சித்தனுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். அவள் கம்பளியை உதறி டின்னைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“பினாயில் எங்களுது இல்லீங்க சார். எஸ்டேட் மருந்து டின்னுங்க இது. இதுலதானுங்க மாவு வெச்சுருக்கறேன்.”

ராஜேந்திரன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இது வீட்டு உபயோகப் பொருள்ல வராதேம்மா. இது விவசாயம். வேற டிபார்ட்மென்ட்.”

பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார். குப்பாயிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. புருஷன் பிழைப்பையே பணயம் வைத்து உண்மையைச் சொன்னால், அதை எழுதிக்கொள்ள இந்த மனுஷனுக்கு ஒரு வரி இல்லையாம்.

“சார் சாப்பிட்ட களியும் இந்த மாவுதானுங்க,” என்றாள்.

அதிகாரி எழுந்த வேகத்திலேயே மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. டின்னைக் கழுவினீர்களா என்று கேட்டார். மூன்று தரம் என்று சொன்னாள். எதற்கும் சேலம் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். டிபார்ட்மென்ட் தகராறு அதோடு ஒழிந்தது. அவர் ஏறுவதற்குள் குப்பாயி மல்லிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, டிரைவர் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“நீ எங்கம்மா வர்றே?” என்றார் ராஜேந்திரன்.

“உங்க வயித்துக்கு என்ன வைத்தியம் பாப்பாங்களோ, அதையே எம்புள்ளைக்கும் பாக்கட்டுங்க சார்.”

அவர் பின்னால் ஏறிக்கொண்டார். ஜீப் கிளம்பியது.