பத்து நிமிஷத்தில் அணையும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றால் ஒன்று ஓட வேண்டும். இல்லையென்றால் ஓடாமல் கிடக்க வேண்டும். என்னுடையது போன வாரம் இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு என் உயிரை வாங்கியது. ஆன் செய்தால் பத்து நிமிஷம் சமர்த்தாக இருக்கும். அப்புறம் உள்ளே ஃபேன் 'உய்ங்ங்...' என்று அலறும். அடுத்த நொடி, பொட்! திரை கருப்பு.

சென்னையில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டேன். "வைரஸா இருக்கும் மாமா" என்றான். பார்த்தேன், இல்லை. "அப்ப தூசியா இருக்கும்" என்றான். ஊதினேன். அரை மணி நேரம் தும்மினேன். "பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றான். யோசனை சொல்ல அவனுக்குக் காசா, பணமா?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சர்வீஸ்காரர் பாபு வந்தார். "பிராசஸர் சூடாவுது சார். கருகிடக் கூடாதுன்னு அதுவே ஆஃப் ஆயிடுது" என்று சொல்லிக் கடைக்குத் தூக்கிப் போனார். பிராசஸர் மேல் சூடு தணிக்கப் பூசியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார். அங்கே நாள் முழுக்க ஓடியது. வீட்டில் கொண்டுவந்து மாட்டினால்... மறுநாளே பொட்!

"என் கடையில நல்லாத்தான் கீது சார். உங்க வூட்லதான் ஏதோ கீது" என்றார் போனில். வந்ததே எனக்குக் கோபம்!

எனக்கென்ன, பத்திரிகைக்கு எழுதும் பத்தி லேட்டானால் ஆசிரியர் திட்டுவார். பழகிப்போன விஷயம். ஆனால் எதிர் வீட்டு ஜெனிபர்? அம்மா மேரி களையெடுப்பு, நடவு என்று கூலிக்குப் போய்ப் படிக்கவைத்த பெண். கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்திருக்கிறாள். ரிப்பேரான கம்ப்யூட்டருக்குப் போனிலேயே வழி சொல்லும் வேலை, சென்னைக் கம்பெனி ஒன்றில். அதற்குத்தான் இன்டர்வியூ, வீடியோவில். கம்ப்யூட்டரில்தான் வர வேண்டுமாம். "உங்களோடதுல பண்ணிக்கட்டுமா சார்?" என்று முன்னமே கேட்டிருந்தாள். நானும் "தாராளமா" என்று வள்ளல் மாதிரி சொல்லிவிட்டேன். இப்போது எந்த முகத்தோடு மாட்டேன் என்பது?

இன்டர்வியூ அன்று காலை மேரி வேலைக்குப் போகவில்லை. வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திரையில் ஒரு அம்மாள், ஒரு இளைஞர். ஜெனிபர் டக்டக்கென்று இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். எனக்கே பெருமையாக இருந்தது. அப்போதுதான்... உய்ங்ங்... பொட்!

"ஐயோ கர்த்தரே!" என்றார் மேரி.

ஜெனிபரின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டியைத் தொட்டாள். "பின்னாடி கொதிக்குது சார்." கையை உள்ளே விட்டாள். "இன்னா சார் இது... ஈரமா கீது?"

இழுத்தால், ஒரு கோணிப்பை முடிச்சு! சூடான காற்று வெளியேறும் ஓட்டையை மொத்தமாக அடைத்துக்கொண்டிருந்தது. பிரித்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய் முளை விட்ட நெல்.

பேப்பர் படிக்க வந்த வீட்டு ஓனர் முனுசாமி வாசலிலேயே பதறினார். பின்கட்டில் இருப்பவர், ஏரிப் பாசனத்தில் நெல் போடுபவர். "அத ஏம்மா எடுத்த? ஒவ்வொரு வெதையா மொளைக்குதான்னு பாத்துக்கினு கீறேன்."

"அதுக்கு என் கம்ப்யூட்டரா கிடைச்சுது?"

"மார்கழிப் பனியில மொளைக்க மாட்டேங்குது சார். உங்க பொட்டிக்குப் பின்னால கதகதன்னு காத்து வருது. சும்மா வீணாப் போவுதேன்னு..."

"பாபு வந்தப்போ இது இல்லையே?"

"ரிப்பேர்காரர் வராருன்னு மரியாதையா எடுத்து வச்சேன். மாட்டினதும் திரும்ப வச்சேன். இன்னா தப்பு?"

இவரை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்!

"ஈரத்தையும் கரண்டையும் ஒண்ணா வச்சிக்கினு... நல்லா வச்சீங்க போங்க!" என்று படபடத்த ஜெனிபர், டேபிள் ஃபேனைப் பெட்டி மேல் திருப்பினாள். கொஞ்சம் ஆறியதும் ஆன் செய்து மறுபடி இன்டர்வியூவுக்குள் போனாள். நல்லவேளை, அவர்கள் காத்திருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

கரண்ட் கட் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சூடு, அடைப்பு, விதைநெல், இப்போது எடுத்தாயிற்று என்பது வரை. திரையில் அந்த இளைஞர் எதையோ எழுதிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் கேமரா பக்கம் நெருங்கி வந்தார். இங்கிலீஷைக் கழற்றி வைத்துவிட்டு, "அது சரிம்மா... நெல்லு முளைச்சுதா?" என்றார்.

ஜெனிபர் வாயைத் திறப்பதற்குள் முனுசாமி கேமராவுக்குள் தலையை நுழைத்துவிட்டார். "எல்லாம் மொளைச்சிடிச்சிம்மா! ஒண்ணுகூட வீண் இல்ல!"

திங்கட்கிழமை வேலை கிடைத்த செய்தி வந்தது. மேரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முனுசாமி மட்டும் சாலவாக்கம் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம், தன் நெல்லால்தான் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இல்லை என்று மறுக்க என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை!